அறத்தை நிறுவனமாக்கிய அம்மையார்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

ஈகையும் ஒப்புரவும்

திருவள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் ஓர் அதிகாரத்துள் அடக்காது இரண்டு அதிகாரங்களாக வகுத்துரைத்தார். இல்லாதார் ஒருவர்க்கு உள்ளார் ஒருவர் மனமுவந்து வழங்குவது ஈகை. ஊரார் அனைவர்க்கும் பயன்படுமாறு ஒருவர் தம் வாழ்வையும் பொருளையும் அமைத்துக்கொள்வது ஒப்புரவு. ஈகை கொடுப்பவரின் உள்ளத்தைச் சார்ந்தது. அவர் மறைந்தால் அதுவும் மறையும். கடையெழு வள்ளல்கள் மாய்ந்தபின் அவர்தம் வாயிலில் நின்ற இரவலர்க்கு அதே வாயில் மீண்டும் திறந்ததாகச் சங்கப் பாடல்கள் கூறவில்லை. ஒப்புரவோ, செய்தவர் இல்லாத காலத்தும் நீர் வற்றாத ஊருணியாக நிற்கவேண்டுவது. அவ்வாறு நிற்க வேண்டுமாயின் அதற்குக் கரையும் மதகும் வேண்டும். அவற்றைக் காக்க ஆட்களும் வேண்டும். இக்காலத்தில் அக்கரையாகவும் மதகாகவும் அமைவன பதிவு பெற்ற சங்கமும், அதன் விதிமுறைகளும், ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்பெறும் வரவுசெலவுக் கணக்குமே ஆகும்.

இவ்வுண்மையைத் தமிழ்நாட்டில் தம் வாழ்நாளால் மெய்ப்பித்துக் காட்டியவருள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். மருத்துவர், சட்டமன்ற உறுப்பினர், பெண்ணுரிமைப் போராளி என்றெல்லாம் அவர் அறியப்படுகிறார். எனினும் அவர் விட்டுச் சென்றவற்றுள் இன்றும் உயிரோடு இயங்குபவை, அவர் உருவாக்கிய அறநிறுவனங்களே என்பது கருதத்தக்கது.

பிறப்பும் கல்வியும்

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மன்னர் கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள், இசைவேளாளர் மரபினர். அக்காலச் சமூகம் இத்தகைய இணைவை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. தந்தையின் உறவினர் விலகி நின்றனர். தாயின் குலமோ கோயிலுக்குப் பெண்களை நேர்ந்துவிடும் வழக்கத்தோடு பிணைந்திருந்தது. இரண்டு கரைகளுக்கும் இடையே பிறந்த அக்குழந்தைக்குக் கல்வியே தோணியாயிற்று.

பூப்பெய்திய பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புதல் வழக்கமில்லாத அந்நாளில் தந்தையார் வீட்டிலேயே ஆசிரியரை அமர்த்திக் கற்பித்தார். 1904ஆம் ஆண்டில் ஆடவர்க்கு மட்டுமே உரியதாயிருந்த மன்னர் கல்லூரியில் சேர முத்துலட்சுமி விண்ணப்பித்தபொழுது எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது இடமளித்தார். திரைக்கு அப்பால் அமர்ந்து பாடங்கேட்ட அம்மாணவி, 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னை எழும்பூர் அரசு மகப்பேற்று மருத்துவமனையில் பணிபுரிந்தார்.

1914ஆம் ஆண்டில் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். மனைவியைத் தமக்கு நிகராக மதித்தல் வேண்டும், அவர் மேற்கொள்ளும் பணிகளுக்குத் தடை நிற்றல் கூடாது என்னும் உறுதியைப் பெற்ற பின்னரே அவர் மணத்திற்கு இசைந்தார். சமயச் சடங்குகளைச் சாராத 1872ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்படி அம்மணம் நிகழ்ந்தது. வாய்மொழி உறவைக்கூட எழுத்தாலும் சட்டத்தாலும் உறுதிசெய்துகொள்ளும் இயல்பு இங்கேயே வெளிப்படுகிறது. பிற்காலத்தில் அவர் சங்கங்களை அமைத்த முறைக்கு இதனை ஒரு முன்னோட்டமாகக் கொள்ளலாம்.

சங்கம் என்னும் பள்ளி

1917ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அன்னி பெசன்ட் தலைவராக விளங்க, மார்கரெட் கசின்சும் டோரதி சினராசதாசாவும் அதனை நிறுவுவதில் முன்னின்றனர். தொடக்கக் காலந்தொட்டே முத்துலட்சுமி அச்சங்கத்தில் ஈடுபட்டு உழைத்தார். அதன் இதழான ஸ்திரீ தர்மத்தின் ஆசிரியப் பொறுப்பையும் ஏற்றார். 1933 முதல் 1947 வரை சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார்.

ஒரு தனி மனிதரின் குரலுக்கும் ஒரு சங்கத்தின் குரலுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் இங்கேதான் கற்றார் எனலாம். பெண்ணுக்கு வாக்குரிமை வேண்டுமென்று ஒருவர் கூறின் அது அவருடைய கருத்து. கூட்டம் கூடி, தீர்மானம் நிறைவேற்றி, கையொப்பமிட்டு அனுப்பின் அது மறுமொழி கூறப்படவேண்டிய ஆவணமாகிவிடுகிறது. சென்னை மாகாணத்தில் 1921ஆம் ஆண்டில் பெண்கள் சட்டமன்றத் தேர்தலுக்கான வாக்குரிமை பெற்றமைக்கு மாதர் அமைப்புகளின் இத்தகைய இடையறாத முயற்சி பெருங்காரணமாயிற்று. 1926ஆம் ஆண்டில் முத்துலட்சுமி சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பெற்றதும் சங்கத்தின் முயற்சியாலேயாம். பிரித்தானிய இந்தியாவில் சட்டமன்றத்துள் நுழைந்த முதற்பெண்மணி அவரே. 1927ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவ்வவையின் துணைத்தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கட்டிவைத்த அறம்

சட்டமன்றத்தில் அம்மையார் ஆற்றிய பணிகளுள் தேவதாசி முறை ஒழிப்பு தலையாயது. அது பெண்ணுரிமைச் சிக்கல் மட்டுமன்று. அறக்கொடையைப் பற்றிய ஆழ்ந்த சிக்கலும் அதனுள் அடங்கியிருந்தது. கோயிற்பணி செய்யும் மகளிர்க்கு மன்னரும் செல்வரும் மானிய நிலங்களை விட்டிருந்தனர். கொடுத்தோர் அதனை அறமென்றே கருதிக் கொடுத்தனர். ஆயினும் அந்நிலத்தை நுகர வேண்டுமாயின் குடும்பத்தில் ஒரு பெண் பொட்டுக்கட்டிக்கொண்டு பணியைத் தொடர வேண்டும் என்னும் நிலை இருந்தது. பசி தீர்க்க விடப்பட்ட நிலமே ஒரு சிறுமியின் கழுத்தில் கயிறாக மாறியது. ஓர் அறக்கட்டளையின் நோக்கம் எவ்வளவு தூயதாயினும், அதன் விதி காலத்துக்கேற்பத் திருத்தப்படாவிடின், காக்கவேண்டியவரையே அது கட்டிப்போடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

அம்மையார் இம்முடிச்சை நுட்பமாக அவிழ்த்தார். பொட்டுக்கட்டுதலைத் தடுக்கவேண்டும் என்னும் தீர்மானத்தை 1927இல் கொண்டுவந்தார். ஆனால் தடையை மட்டும் விதித்தால் அக்குடும்பங்கள் நிலமிழந்து தெருவில் நிற்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆதலின் 1929ஆம் ஆண்டில் இந்து சமய அறநிலையச் சட்டத்திற்கு ஒரு திருத்தத்தைக் கொணர்ந்து நிறைவேறச் செய்தார். பணி செய்தாலும் செய்யாவிடினும் மானிய நிலம் அம்மகளிர்க்கே உரியதாகும் வழியை அத்திருத்தம் வகுத்தது. வாழ்வாதாரத்தைக் காத்த பின்னரே வழக்கத்தை நீக்க முற்பட்டார் என்பது அவருடைய முறையின் சிறப்பு.

எதிர்ப்பு இருமுனையிலிருந்து வந்தது. மரபின் பெயரால் பேசியோர் ஒருபுறம் இருந்தனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலான கலைவல்ல தேவதாசியர் தம் சங்கத்தின் வாயிலாக எழுப்பிய மறுப்பு மறுபுறம் இருந்தது. தம் குலத்தார் அனைவரையும் ஒரே நோக்கில் இழிவாகக் கருதுதல் தகாது என்றும், இசையும் நாட்டியமும் சொத்துரிமையும் தம் மரபில் மகளிர்க்கு உரியனவாயிருந்தன என்றும் அவர்கள் வாதிட்டனர். பின்னைய ஆய்வாளர் பலர் இவ்வாதத்தின் வலிமையை எடுத்துக்காட்டியுள்ளனர். கலையை இழந்த மகளிரின் துயரை அச்சீர்திருத்தம் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்னும் குறை மறுக்கத்தக்கதன்று. அதேவேளையில், தாமே தாசிக்குலத்தில் வாழ்ந்து பின் அம்முறைக்கு எதிராகப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் முத்துலட்சுமியின் பக்கம் நின்றனர் என்பதும் மறக்கத்தக்கதன்று.

1930ஆம் ஆண்டில் காந்தியடிகள் சிறைப்படுத்தப்பட்டதைக் கண்டித்து அம்மையார் தம் பதவியைத் துறந்தார். அவர் அவையை விட்டு நீங்கியதும் பொட்டுக்கட்டுத் தடுப்பு மசோதா தளர்ந்து நின்றது. அது சட்டமாவதற்கு 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பதவியைச் சார்ந்து நின்ற பணி, பதவி போனவுடன் பதினேழு ஆண்டுகள் தேங்கியது. ஆனால் அதே 1930ஆம் ஆண்டில், எப்பதவியையும் சாராது அவர் தொடங்கிய மற்றொரு பணி ஒரு நாளும் தேங்கவில்லை.

ஔவை இல்லம்

தாசிக்குலத்திலிருந்து தப்பிவந்த சில சிறுமியர் அம்மையாரிடம் அடைக்கலம் வேண்டினர். அவர்களைச் சேர்ப்பதற்கு நகரத்து விடுதிகளை அவர் நாடினார். ஒவ்வொரு விடுதியும் ஒவ்வொரு வகுப்பார்க்கெனத் தனித்தனியே நடத்தப்பட்ட காலம் அது. எவ்வகுப்பிலும் சேராதவராகக் கருதப்பட்ட அச்சிறுமியர்க்கு எங்கும் இடம் கிடைக்கவில்லை. அறம் செய்வோர் பலர் இருந்தும், அவரவர் அறத்திற்கு அவரவர் சாதியே எல்லையாக இருந்தது. அம்மையார் அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். ஔவை இல்லம் இவ்வாறுதான் பிறந்தது.

அவ்வில்லத்திற்கு அவர் சூட்டிய பெயர் ஆழ்ந்து நோக்கத்தக்கது. இல்லறக் கட்டுக்குள் அடங்காது, நாடெங்கும் நடந்து, வேந்தரவையிலும் எளியோர் குடிசையிலும் ஒருங்கே மதிக்கப்பெற்றவராகத் தமிழ் மரபு போற்றும் பெண்பாற் புலவர் ஔவையார். குலத்தாலும் குடும்பத்தாலும் அன்றித் தம் அறிவாலேயே பெருமையுற்றவர் அவர். பிறப்பின் பெயரால் வாயில் அடைக்கப்பட்ட சிறுமியர்க்கு இதனினும் பொருத்தமான தாய்ப்பெயர் கிடைத்திராது. பரிவைக் குறிக்கும் பெயரையோ கொடையாளியின் பெயரையோ அவர் தேடவில்லை. அடைக்கலம் என்ற சொல்லையும் தவிர்த்து, கற்ற பெண் ஒருவரின் பெயரைத் தேர்ந்தார். அவ்வில்லத்தின் குறிக்கோள் முழுவதும் அப்பெயரிலேயே அடங்கிவிட்டது எனலாம்.

சாதி வேறுபாடின்றி ஆதரவற்ற பெண்குழந்தைகள் அங்குச் சேர்க்கப்பட்டனர். உணவும் உறையுளும் அளிப்பதோடு இல்லம் நின்றுவிடவில்லை. பள்ளிக் கல்வியும் தொழிற்பயிற்சியும் அளித்து, ஆசிரியராகவும் செவிலியராகவும் தம் கால்களில் நிற்கும் ஆற்றலை அது அவர்களுக்கு வழங்கியது. ஒரு வீட்டில் தொடங்கிய இல்லம் பின்னர் அடையாற்றில் பெசன்ட் சாலையில் தனக்கென இடம் பெற்று, பள்ளிகளோடு கூடிய நிறுவனமாக வளர்ந்தது.

தாளில் எழுதிய நம்பிக்கை

வீட்டில் நான்கு குழந்தைகளை வளர்ப்பது ஒருவரின் கருணையால் இயலும். நாற்பது குழந்தைகளை வளர்க்கவும், தாம் இல்லாத காலத்திலும் அவர்கள் வளரவும் கருணை மட்டும் போதாது. பிறர் பொருள் தரவேண்டும். தருபவர்க்கு ஐயம் எழாதிருக்க வேண்டும்.

அக்காலத்தில் பொதுப்பணி புரிவோர்க்குச் சட்டம் வகுத்திருந்த வடிவம், 1860ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டம். எழுவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடி, இன்ன நோக்கத்திற்காக இச்சங்கம் என்று குறிக்கோளை எழுதி, கையொப்பமிட்டுப் பதிவு செய்யின் ஒரு சங்கம் தோன்றிவிடும். அதன் சொத்து உறுப்பினர் எவருடைய சொத்துமன்று. ஆட்சிக்குழுவின் பொறுப்பில் நிற்பது. சங்கம் கலைக்கப்பட்டாலும் எஞ்சிய பொருளை உறுப்பினர் தமக்குள் பகிர்ந்துகொள்ளுதல் இயலாது. அதனையொத்த மற்றொரு சங்கத்திற்கே அது செல்லவேண்டும். ஒருவர் தம் பொருளைத் தாமே மீட்டுக்கொள்ள இயலாதவாறு கொடுத்துவிடுவதற்குச் சட்டம் கண்ட வழி இது.

இவ்வாறு கொடுக்கப்பட்ட பொருளின்மீது அரசும் தன் கையை நீட்டாதிருந்தது. 1922ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், அறநோக்கத்திற்கென ஒதுக்கப்பட்ட சொத்தின் வருவாய்க்கு வரிவிலக்கு அளித்தது. எது அறநோக்கம் என்பதையும் அது வரையறுத்தது. வறியோர்க்கு உதவி, கல்வி, மருத்துவ உதவி என மூன்றை வெளிப்படையாகக் கூறி, பொதுமக்களுக்குப் பயன்படும் பிற நோக்கங்கள் என நான்காவதாக ஒன்றைச் சேர்த்தது. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டமும் இவ்வடிப்படையைப் பின்பற்றியது. அம்மையாரின் பணிகளை இவ்வரையறையோடு ஒப்பிட்டு நோக்கின், ஔவை இல்லத்தில் முதல் இரண்டும், பின்னர்த் தோன்றிய மருத்துவமனையில் மூன்றாவதும் நிறைவுற்றமை புலனாகும்.

வரிவிலக்கு என்பது அரசு தரும் பரிசன்று. சங்கத்தின் வருவாய் தனியொருவரின் பைக்குள் செல்லவில்லை என்னும் உறுதிக்கு ஈடாகக் கிடைப்பது அது. உறுதி பிறழ்ந்தால் விலக்கும் நீங்கும். ஆதலின் பற்றுச்சீட்டும், குறிப்பேடும், தணிக்கை அறிக்கையும் அலுவலகச் சுமைகள் அல்ல. முகமறியாத கொடையாளி ஒருவர் வைத்த நம்பிக்கைக்குச் சங்கம் எழுதித்தரும் மறுமொழிகள்.

பன்னிரண்டு படுக்கைகள்

அம்மையாரின் தங்கை புற்றுநோயால் 1923ஆம் ஆண்டில் இளவயதிலேயே காலமானார். முதலில் நோய் இன்னதென்று சரியாக அறியப்படவில்லை; அறியப்பட்டபொழுது காலம் கடந்துவிட்டது. மருத்துவரான தாம் உடனிருந்தும் காக்க இயலாமற்போன அத்துயரம் அவர் உள்ளத்தில் நிலைத்துவிட்டது. 1925ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்றிருந்தபொழுது அங்கிருந்த புற்றுநோய் மருத்துவ முறைகளையும் கருத்தூன்றிக் கண்டறிந்தார். 1935ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்று வேண்டும் என்னும் தம் விழைவை வெளிப்படுத்தினார்.

விழைவுக்கும் நிறைவுக்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தன. புற்றுநோய் தீராத நோய், அதற்கென மருத்துவமனை கட்டுவது வீண்செலவு என்பதே அந்நாளில் பரவியிருந்த எண்ணம். அரசின் பொருளை எதிர்நோக்கிக் காத்திருப்பதில் பயனில்லை என்றுணர்ந்த அம்மையார், தாம் நன்கறிந்த வழிக்கே மீண்டார். 1949ஆம் ஆண்டில் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அப்பொழுது அவருக்கு வயது அறுபத்துமூன்று. கணவரை 1943இலேயே இழந்திருந்தார். பலர் ஓய்வை நாடும் அவ்வயதில் அவர் மீண்டும் நன்கொடை திரட்ட முற்பட்டார்.

1952ஆம் ஆண்டு அக்டோபரில் பிரதமர் ஜவாகர்லால் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் மருத்துவமனை செயற்படத் தொடங்கியது. அன்று அங்கிருந்தவை பன்னிரண்டு படுக்கைகளே. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதன் மருத்துவப் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டில் டாக்டர் வி. சாந்தா வந்து சேர்ந்தார். அரசுப்பணி வாய்ப்பை விடுத்து, தொடக்கநிலையிலிருந்த ஒரு சிறு மருத்துவமனைக்கு அவர் வந்தது அந்நாளில் பலர்க்கும் வியப்பளித்திருக்கும். சில ஆண்டுகளுக்குள் கனடா நாட்டிலிருந்து கோபால்ட் கதிர்மருத்துவக் கருவி கிடைத்தது. குழந்தைகளுக்கெனத் தனிப்பிரிவும் தோன்றியது. வசதியுடையோர் கட்டணம் செலுத்த, வறியோர் அதே மருத்துவத்தைச் சலுகையாகவோ இலவசமாகவோ பெறும் முறை நிலைபெற்றது. இலாபநோக்கமின்மை என்பது கட்டணமே பெறாதிருத்தல் அன்று என்பதை இம்முறை விளக்குகிறது. மிஞ்சுகின்ற பொருள் எவர்க்கும் பங்காகச் செல்லாது, அடுத்த நோயாளிக்கே செல்லுதல் என்பதே அதன் பொருள்.

மகனையே பொறுப்பில் அமர்த்தியமை குறித்து ஐயம் எழலாம். அறநிறுவனங்கள் குடும்பச் சொத்தாகச் சுருங்கிய வரலாறுகள் தமிழ்நாட்டில் அரியன அல்ல. ஆயினும் இங்கு மகனுக்குக் கிடைத்தது சொத்தன்று, வாழ்நாள் உழைப்பே. அவருக்குப் பின் நிறுவனத்தை நடத்திச் சென்றவர் குருதியுறவு இல்லாத சாந்தா அம்மையார். 1955 முதல் 2021ஆம் ஆண்டு சனவரியில் மறையும் வரை அவர் அவ்வளாகத்திலேயே வாழ்ந்து பணியாற்றினார். நிறுவியவரின் குடும்பத்தைக் கடந்து பொறுப்பு கைமாறியும் நோக்கம் மாறாதிருந்தமை, அமைப்பின் உறுதிக்குச் சிறந்த சான்றாகும்.

அவருக்குப் பின்

1956ஆம் ஆண்டில் இந்திய அரசு அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1968ஆம் ஆண்டு சூலை 22ஆம் நாள், எண்பத்திரண்டாவது பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கையில், அவர் மறைந்தார். கருவுற்ற ஏழைப் பெண்களுக்குத் தமிழக அரசு வழங்கும் நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கியது. அவர் பிறந்த சூலை 30ஆம் நாள் மருத்துவமனை நாளாகவும் அரசால் அறிவிக்கப்பட்டது.

இவற்றினும் சிறந்த நினைவுச்சின்னம் ஒன்று உண்டு. 1968இல் அவர் மறைந்த மறுநாள் காலையிலும் ஔவை இல்லத்தில் உலை ஏறியிருக்கும். அடையாற்று மருத்துவமனையில் நோயாளிகளின் பெயர்கள் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும். நிறுவியவர் இல்லாத முதல் நாள், மற்றொரு நாளைப் போலவே நடந்தேறும் வகையில் ஓர் அமைப்பை விட்டுச்செல்வதே அதனை நிறுவியவர் பெறத்தக்க பெரும்பேறு.

இலக்கியம் வளர்க்கும் அமைப்புகளும் சட்டம் கூறும் அந்நான்காம் நோக்கத்துள் அடங்கத்தக்கவையே. கவிதைக்கு விதிமுறை தேவையில்லை எனலாம்; கவிஞர் கூடும் அவைக்கு அது தேவை. ஆர்வம் ஓர் அமைப்பைத் தொடங்கிவைக்கும். பத்தாண்டு நிறைவுறும் பருவத்தில் தொடக்கக்கால ஆர்வலர் சிலர் களைத்தும் சிலர் பிரிந்தும் இருப்பர். அப்பொழுது அமைப்பைத் தாங்குவது, சரியாக எழுதப்பட்ட குறிப்பேடும், எவரும் கேட்டுப் பார்க்கத்தக்க கணக்கும், புதியவர்க்குத் திறந்துவிடப்பட்ட பொறுப்பும் ஆகும். வீட்டு வாயிலில் வந்துநின்ற சில சிறுமியரை உள்ளே அழைத்ததோடு நின்றுவிடாது, அவர்களுக்குப்பின் வரவிருந்த எத்தனையோ சிறுமியர்க்கும் அவ்வாயில் திறந்திருக்குமாறு எழுதிவைத்த முத்துலட்சுமி அம்மையாரின் வாழ்வு, தமிழ் வளர்க்கக் கூடுவோர்க்கும் உரிய பாடமேயாகும்.